வெறுங்காலின் நடை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதத்துப் பௌர்ணமி இரவில், திருவண்ணாமலையில் கிரிவலம் செல்லப் புறப்பட்டேன். 32 ஆண்டுகள் தில்லியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் பிறந்து வளர்ந்தது அந்த மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில். பதினான்கு வயது வரையில் செருப்பென்பதே அறியாமல், வரப்பிலும் வண்டிப்பாதையிலும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன கால்கள் இவை. ஆகவே, மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் எனக்கு ஒரு பொருட்டல்ல என்ற நினைப்போடு, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

ஐந்து கிலோமீட்டர்கூட ஆகியிராது. குதிகால் இரண்டும் நெருப்பில் வைத்தாற்போல் எரியலாயின. ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஓர் அதிர்ச்சி. தார்ச்சாலையில் சிதறிக் கிடந்த பொடிக்கல் ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. சாலையோரத்தில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நான் தடுமாறி வருவதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். குவளையை நீட்டியபடி, “செருப்புக் காலிலே இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டே நடக்கறீங்க, சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து பிரியும் சாலை ஒன்றில் நொண்டி நொண்டிச் சென்று, வண்டி பிடித்து உறவினர் வீடு திரும்பினேன். வீட்டுக்குள் என்றுமே செருப்பணிந்தறியாத என் மனைவி மட்டும் மலையை முழுதும் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து சேர்ந்தாள்.

அந்த மூதாட்டியின் சொல்லை நான் முழுதும் விளங்கிக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதைப் பற்றித்தான் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் பலருக்கு என் கதை அந்நியமாயிராது. வெறுங்காலோடு ஊரில் திரிந்தோம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் பிழைக்க வந்து பூட்ஸுக்குள் காலை நுழைத்தோம். வடநாட்டுக் குளிரால் வீட்டினுள்ளும் ரப்பர் செருப்பு வந்துவிட்டது. ஊருக்குப் போனால் பழைய கால்கள் தாமே திரும்பிவிடும் என்று எண்ணுகிறோம். பேச்சு அப்படித் திரும்புகிறது. ரயில் காட்பாடியை நெருங்கும்போதே நாவில் ஊர்ப்பேச்சு வந்துவிடுகிறது. நடை அப்படித் திரும்புவதில்லை. அதைக் கற்க வேண்டியிருக்கிறது.

தடித்த குதி வைத்த பூட்ஸ் அணிந்தவர் எவ்வாறு நடக்கிறார் என்று பாருங்கள். காலை நெடுக முன்னே வீசி, முழங்காலை நீட்டி, உடலுக்கு வெகுமுன்னால் குதியைத் தரையில் ஊன்றுகிறார். அந்த அடியின் கடுமையைக் குதியிலுள்ள ரப்பர் வாங்கிக்கொள்வதால் அடி விழுவதே அவருக்குத் தெரிவதில்லை. விரல்களுக்கு அங்கே அதிக வேலையுமில்லை. நெருக்கி அடைக்கப்பட்டு உறங்குகின்றன. பல ஆண்டுகள் இவ்வாறு பழகிய பின் பூட்ஸை அகற்றினாலும் அதே வீச்சும் அதே ஊன்றலும் தொடர்கின்றன. ரப்பர் மட்டும் இல்லை. மூதாட்டி கண்டு சொன்னது இதைத்தான்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரு பாதங்களுக்கும் சேர்த்து 52. அதாவது உடம்பிலுள்ள 206 எலும்புகளில் ஏறத்தாழக் கால் பங்கு காலிலேயே இருக்கிறது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் சிறு தசைகளும் சேர்ந்து பாதத்தின் வளைவை ஒரு வில்லைப் போலத் தாங்கி நிற்கின்றன. பாரம் ஏறும்போது அந்த வில் சற்றே தாழ்ந்து, பாரம் நீங்கும்போது மீண்டும் எழுகிறது. குதியின் அடியில் இயற்கையே வைத்த ஒரு கொழுப்பு மெத்தையும் உண்டு. இவற்றோடு, உள்ளங்காலெங்கும் உணர்வு நரம்புகள் நிறைந்திருந்து, தரையின் மேடு பள்ளத்தைக் கணந்தோறும் மூளைக்கு அறிவிக்கின்றன.

இந்த வில் எப்படி உருவாகிறது என்பது பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உலகெங்கும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசஃப் ஆகிய இருவர் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை எடுத்துப் பார்த்து, 1992இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. முன்புறம் மூடிய பூட்ஸ் அணிந்தவர்களிடையே அது மிகுதி; திறந்த செருப்பு அணிந்தவர்களிடையே குறைவு. தட்டைப் பாதம் உள்ளவர் எல்லாரும் துன்புறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரை ஒட்டிய பகுதிகளில் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் ஒருவரின் குழு நடத்தி 2009இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வெறுங்காலோடு வாழ்ந்தவர்களின் பாதங்கள் அகலமானவை என்றும், அவர்கள் நடக்கையில் பாரம் பாதமெங்கும் பரவலாக விழுகிறது என்றும் கண்டது.

ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் காலைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால்கள் பூட்ஸுக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கவோ சம்மணமிட்டு உட்காரவோ இயலாது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் 1960களின் பிற்பகுதியில் ரப்பரைக் கொண்டு உருவாக்கிய கால், பூட்ஸின்றியே நடக்கவும் குந்தி உட்காரவும் இடம் கொடுத்தது. வெறுங்கால் நடை இந்நாட்டு உழவனுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

இனி, நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். மயூர் விஹாரில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு, மொசைக் தரை. காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். செய்ததெல்லாம் ஒன்றே: அடியின் நீளத்தைக் குறைத்தேன். அடி குறுகினால் பாதம் உடலுக்கு அருகிலேயே விழுகிறது. முழங்கால் தானே இளகுகிறது. குதி தரையை இடிக்காமல் தொடுகிறது. தொட்டதும் பாரம் பாதத்தின் வெளிவிளிம்பு வழியே முன்னேறி, விரல்களின் அடியிலுள்ள மேட்டைக் கடந்து, கடைசியாகப் பெருவிரல் தரையை உந்தி நீங்குகிறது. விரல்களை விரித்து வைக்க முதலில் எனக்கு இயலவே இல்லை. பெருவிரலைத் தனியே அசைக்க மூன்று வாரமாயிற்று.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். வெறுங்கால் என்றால் முன்பாதத்தாலேயே நடக்க வேண்டுமென்று சிலர் எண்ணி, பூனைபோல் நுனிக்காலில் நடந்து, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டேனியல் லீபர்மனும் உடனிருந்தோரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள் என்று கண்டார்கள். அது ஓட்டத்தைப் பற்றியது. நடையில் குதி முதலில் படுவது மனிதருக்கு இயல்பே. மென்மையாகப் பட வேண்டும், அவ்வளவுதான்.

மென்மையாகப் படுகிறதா என்று எப்படி அறிவது? கண்ணால் பார்க்க வேண்டாம், காதால் கேளுங்கள். வானொலியில் பேசுகிறவன் இதைச் சொல்வது பொருத்தந்தான். ‘தொம்’ என்று ஒலித்தால் அடி நீளம். ‘சப்’ என்று அறைந்தால் பாதத்தைக் கட்டுப்பாடின்றி விடுகிறோம். எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் வங்காளி அம்மையார், “காலை ஐந்து மணிக்கு உங்கள் அடியோசை கேட்டுத்தான் எழுகிறேன்” என்று முன்பெல்லாம் சொல்வார். அது பாராட்டன்று என்பதை நான் அறிவேன். மூன்றாம் மாதம் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, “வெளியூர் போயிருந்தீர்களா?” என்று கேட்டார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சி, பதவி உயர்வு பெற்ற நாளில்கூட அடைந்ததில்லை.

அந்த மகிழ்ச்சியே எனக்குக் கேடாயிற்று. மறுநாளே தெருவில் இறங்கி, சிமெண்டு நடைபாதையில் மூன்று கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தேன். அடுத்த நாளும் நடந்தேன். நான்காம் நாள் மேற்பாதம் வீங்கிவிட்டது. மருத்துவர் படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் கீறல் விழவில்லை, ஆனால் இப்படியே தொடர்ந்தால் விழும் என்று எச்சரித்து, மூன்று வாரம் ஓய்வு கொடுத்தார். தோல் பழகிவிடுகிறது, தசை சற்றுத் தாமதமாகப் பழகுகிறது, எலும்பும் நாரும் எல்லாவற்றுக்கும் பின்னரே பழகுகின்றன. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய அடியுடைய காலணிகளை ஆறு மாதம் அன்றாடம் அணிந்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57 விழுக்காடு உயர்ந்தது. ஆறு மாதம் என்பதை நினைவில் வையுங்கள். ஆறு நாள் அன்று.

ஐப்பசியில் தில்லியின் வெயில் தணிந்த பிறகு, பக்கத்துப் பூங்காவின் புல்தரைக்குப் போனேன். காலைப் பனியில் நனைந்த புல்லைப் பாதம் தொட்டபோது என் தகப்பனாரோடு கிணற்றடிக்குப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. அதைப் பற்றிப் பேச இது இடமன்று. புல்லுக்குப் பின் செங்கற்பாதை; அதன் பின் பொடிக்கல். பொடிக்கல்லில்தான் உண்மையான பாடம். அங்கே நெட்டடி வைத்தால் கல் உடனே தண்டிக்கிறது. குறுகிய அடி வைத்து, பாரத்தை முழுதும் இறக்கும் முன் பாதம் தரையைச் சோதித்துக்கொள்ள இடம் கொடுத்தால், குத்தும் கல்லிலிருந்து பாதம் தானே ஒதுங்கிக்கொள்கிறது. பார்வை காலடியில் இராமல் ஐந்தாறு அடி முன்னே இருக்க வேண்டும். தோல் தடித்தால் உணர்வு மங்கிவிடுமே என்று அஞ்சினேன். கென்யா நாட்டினரையும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தினரையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு அந்த அச்சத்தைப் போக்கியது. வெறுங்காலால் தடித்த தோல் காப்பையும் தருகிறது. நடக்கையில் வேண்டிய உணர்வையும் மறைப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டு எல்லாரும் செருப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நீரிழிவு நோயுடையவர்கள் நான் சொன்னதைப் பின்பற்றவே கூடாது. அந்நோய் பாதத்தின் உணர்வு நரம்புகளை மெல்ல மெல்ல அழிக்கிறது. முள் தைத்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சிறு புண் அழுகிக் காலையே இழக்க நேரிடும். வீட்டினுள்ளும் அவர்கள் காலணி அணிவதே மருத்துவர்கள் கூறும் விதி. மலம் கழிக்கும் மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே உடலுக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும். ரணஜன்னிக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசி வெயிலில் தார்ச்சாலையை மிதிப்பது வீரமன்று.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. நான் சிறுவனாயிருந்த ஊரில், சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கள் தெருவைக் கடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அத்தகைய வீட்டில் பிறந்து, இன்று நல்ல பூட்ஸ் அணிந்து தலைநிமிர்ந்து நடப்பவரிடம் போய் வெறுங்காலின் பெருமையைப் பேச எனக்கு உரிமையில்லை. விருப்பத்தால் கழற்றுவதும் பிறர் கட்டளையால் கழற்றுவதும் ஒன்றல்ல.

காலணியைப் பகையாகக் கொள்ளவும் காரணமில்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்தும் வென்றார். அலுவலகத்துக்குச் செல்பவர்கள், விரல்கள் விரிய இடமுள்ள, குதி உயராத, மெல்லிய அடியுடைய காலணியைத் தேர்ந்துகொண்டு, அதற்குள்ளும் குறுகிய அடியையே வைத்துப் பழகலாம். நான் இப்போது வெளியே செல்லும்போது அணிவது அத்தகையதுதான்.

சென்ற மாசியில் மீண்டும் திருவண்ணாமலைக்குப் போனோம். இம்முறை மலையை முழுதும் சுற்றி வந்தேன். நான்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி அரைமணி முன்னதாகவே வந்து, ஈசானிய லிங்கத்தருகே என் செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.