மணிமன்றம் தந்த வாசகர்கள்



அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்தச் செங்காங், 1950களில் கங்கார் என்னும் மீனவர் சிற்றூரும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்தது. அந்த ஆண்டுகளில்தான், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, மாணவர்களுக்கென மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்தியது. அதனை வளர்த்தவர்களுள் வை. திருநாவுக்கரசு குறிப்பிடத்தக்கவர். சிங்கப்பூர், மலாயா மாணவர்கள் அதில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதினர். ஏட்டில் தொடங்கியது ஏட்டோடு நிற்கவில்லை. ஊர்தோறும் மணிமன்றங்கள் அமைந்தன. மலேசியாவில் மணிமன்ற இயக்கம் இன்றும் இருக்கிறது.

இது பரிசுகளால் நிகழ்ந்ததென்று நான் கருதவில்லை. ஈப்போவில் ஒருவர் எழுதியதைச் சிராங்கூன் சாலையில் அவர் வயதை ஒத்த ஒருவர் படிக்க முடிந்தது. படித்தவருக்குத் தாமும் எழுதலாம் என்னும் துணிவு பிறந்தது.

நம் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மாணவர் கட்டுரைக்கு வாசகர் ஒருவரே. அவர் கையிலும் சிவப்பு மைப் பேனா! ஆசிரியர்கள் பொறுத்தருள்க. மதிப்பெண் விழுந்ததும் கட்டுரையின் ஆயுள் முடிந்துவிடுகிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தமிழில் எழுத வேறு காரணம் எங்கிருந்து வரும்?

ஆதலின் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு கட்டுரையையேனும் மதிப்பெண் இடாமல் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். பொங்கோல் பிள்ளை எழுதியதைச் செங்காங் பிள்ளை படித்து, தமிழிலேயே இரண்டு வரி மறுமொழி எழுதட்டும். பிழைகள் இருக்கும். அவற்றைத் திருத்த விரைய வேண்டா; முதலில் மறுமொழி போய்ச் சேரட்டும்.