புயல் சொல்லும் கலை

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொலைக்காட்சியின் அடியில் ஒரு வரி ஓடும்: புதுவைத் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். படித்துவிட்டுக் காபியைக் குடிக்கிறோம். அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்கானது. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கச்சிதமான ஏற்பாடுதான். ஆனால் ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஸ்கூட்டரை எப்போது மேடேற்றுவது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல உள்ளூர்க் குரல் ஒன்று வேண்டும்.

இன்று அந்தக் குரல் கைப்பேசியில் வருகிறது. நம் கடற்கரைக்கோ இது பழைய பழக்கம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். யாருக்கோ தயாரித்த கணக்கு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கரையில் நிற்பவரின் கேள்விக்குப் பதிலானது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்ப்பிள்ளை ஒருவர் தொலைபேசியில் பேசினார். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். ஆழிப்பேரலைக்கு ஊரே தப்பியது.

அந்த ஒலிபெருக்கியை வைத்துத்தான் இன்றைய வானிலைப் பதிவர்களை நான் எடைபோடுகிறேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்றவர்கள் ராடார் படத்தை வைத்து மழை மேகம் எங்கே நிற்கிறது என்று பேச்சுத் தமிழில் விளக்கி, சாதாரண வாசகரையும் படம் பார்க்கப் பழக்கிவிட்டார்கள். புதுவைக்கு அதில் ஒரு வசதி: வடக்கே சென்னை ராடார், தெற்கே காரைக்கால் ராடார். இன்னொரு கூட்டமும் உண்டு. சிவப்பு வட்டம், பெரிய அம்புக்குறி, 'இதுவரை காணாத அரக்கன்' என்ற தலைப்பு. அதைத் திறந்தால் பாதி நேரம் பின்னணி இசைக்கே போய்விடும். மாதத்துக்கு நான்கு அரக்கன் வந்தால் ஐந்தாவதுக்கு யார் வீட்டைக் காலி செய்வார்கள்?

நல்ல பதிவரைச் சோதித்தது 2024இன் ஃபெஞ்சல் புயல். 2011 டிசம்பர் 30 காலை வந்த தானே புயலைக் கண்டவர்களுக்குப் புயல் என்றால் காற்று. மரம் சாய்ந்ததா, கூரை போனதா என்பதே பேச்சு. ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுவைக்குப் பக்கத்தில் கரையேறியது. பெரிய காற்றில்லை, தப்பித்தோம் என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் அது நகரவே இல்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. எங்கே கரையைக் கடக்கும் என்ற ஒரே கேள்வியை நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருந்தவர்கள் இங்கே கோட்டை விட்டார்கள். கடந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் அன்று நமக்கு வேண்டியிருந்தது.

கதை அதோடும் முடியவில்லை. மழை ஓய்ந்தபின் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது, திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழைக்கு. அதற்குள் பதிவர்களில் பலர் அடுத்த காற்றழுத்தத் தாழ்வைத் தேடி வங்கக்கடலுக்குள் போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே இந்தப் பருவத்தில் யாரைப் பின்தொடர்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வானத்தோடு சேர்த்துச் சாத்தனூர், வீடூர் அணைகளின் நீர்மட்டத்தையும் சொல்பவர் இருந்தால் அவரை. தலைப்பு சாதுவாக இருந்தாலும் பரவாயில்லை.