புகையிலையைத் தட்டிவிட்டால் மட்டும் போதுமா?



சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேர் பேசிட்டாங்க. நான் ஒரு பொண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவ பேரையும் ஊரையும் சொல்ல மாட்டேன்.

அவளுக்கு 17 வயசு. அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. ஒருநாள் குழாயடியில பார்த்தா, கன்னத்துல புகையிலையை அடக்கி வச்சிருக்கா. "வயித்துப் புள்ளக்காரி, இது என்னடி பழக்கம்?"னு நாலு பேர் முன்னால திட்டிட்டேன். ஒண்ணும் பேசாம குடத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் அவ வெளியிலேயே தலை காட்டலை.

மனசு கேட்காம, மாமியார் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவ வீட்டுக்குப் போனேன். "சாப்பிட்டியாம்மா?"ன்னு மட்டும்தான் கேட்டேன். அழுதுட்டா. புருஷன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறானாம். "அடி வாங்குன ராத்திரி சோறும் இறங்காது, தூக்கமும் வராதுக்கா. மாமியார் சுருக்குப்பையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து வாயில போட்டா பசியும் தெரியாது, வலியும் தெரியாது"ன்னா.

நான் புகையிலையைப் பார்த்தேன். அதுக்குப் பின்னால இருந்த அடியைப் பார்க்கலை.

கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டேன். மென்றாலும் சரி, புகைத்தாலும் சரி, புகையிலை குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். குறைமாதத்தில் பிறக்கலாம், எடை 2.5 கிலோவுக்கும் கீழே போகலாம். வயிற்றில் அடி பட்டால் நஞ்சுக்கொடி பிரிந்து தாய் உயிருக்கே ஆபத்து வரலாம். "அடி நிக்காம புகையிலை நிக்காது, ரெண்டையும் சேர்த்துப் பாருங்க" என்றார்.

வயசு தெரிஞ்சா கேஸாகும்னு பயந்து வீட்டுல அவளைப் பரிசோதனைக்கே அனுப்பலை. "கேஸை விட ரெண்டு உசுரு பெருசு"ன்னு நானும் செவிலியரும் பேசிக் கூட்டிட்டுப் போனோம். இப்போ அம்மா வீட்டுல இருக்கா. புகையிலையை முழுசா விட்டுட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். குறைச்சிருக்கா. ரெண்டு வேளை சாப்பிடுறா.

இன்னொண்ணும் சொல்லணும். அவ கல்யாணத்துல நானும் மொய் எழுதினேன். 18 ஆகலைன்னு தெரிஞ்சுதான் பந்தியில உட்கார்ந்தேன். அன்னைக்கே 1098-க்கு ஒரு போன் போட்டிருந்தா அவ இன்னும் பள்ளிக்கூடம் போயிட்டிருப்பா. அந்தக் குற்றம் என் மனசை அறுக்குது.

அதனால உங்களைக் கேட்டுக்கிறேன். சின்ன வயசுல ஒரு பொண்ணு வயித்தைத் தள்ளிக்கிட்டு, வாயில எதையோ மென்னுக்கிட்டு நின்னா, கூட்டத்துல வச்சுத் திட்டாதீங்க. தனியா கூப்பிட்டு, "யாராவது அடிக்கிறாங்களா?"ன்னு கேளுங்க. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098. ராத்திரியிலும் எடுப்பாங்க, காசு கிடையாது. இந்த ரெண்டு எண்ணையும் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டு அட்டையில எழுதி வைப்போம்.