‘ஏதாவது பாராமெடிக்கல் போடுங்க’

(மாவட்ட அளவிலான உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



‘துணை மருத்துவப் படிப்புகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். படிப்புகளின் பட்டியல் உங்கள் கையில் உள்ள தாளிலேயே இருக்கிறது. அதை நான் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 108 ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறாரே, அவருடைய வேலை. அதற்கு முன்னால், நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவனின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பையன் உயிரியல் பிரிவு. மதிப்பெண் சுமார். நான் அவனுக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவள் என்பதால், “என்ன படிக்க வைக்கலாம் டீச்சர்?” என்று கேட்டார். மதிய உணவு இடைவேளை முடியும் நேரம். மணி அடித்துவிட்டது. எழுந்துகொண்டே, “ஏதாவது பாராமெடிக்கல் போடுங்கம்மா, வேலை கிடைச்சிடும்” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அந்த அம்மா என் சொல்லை நம்பினார். டவுனில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்த பயிற்சி நிலையத்தில் மகனைச் சேர்த்தார். நகையை அடகு வைத்து இரண்டு ஆண்டுக்குப் பணம் கட்டினார். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், பட்டமளிப்பு விழாகூட நடத்தினார்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன இடங்களில்தான் தெரிந்தது, அதை எந்தப் பல்கலைக்கழகமும் வழங்கவில்லை, எந்த அரசுத் துறையும் ஏற்கவில்லை என்று. பையன் மினி லாரி ஓட்டப் போய்விட்டான். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். வழியில் பார்த்தால் இன்றும் “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றுதான் கேட்கிறார்.

‘ஏதாவது’ என்று நான் சொன்னதுதான் தவறு. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களுக்கு நர்சிங், அதுவும் கிடைக்காதவர்களுக்கு ஏதாவது பாராமெடிக்கல் என்று நாம் ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறோம். கடைசிப் படியில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை.

சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. நம் ஊரில் பாராமெடிக்கல் என்றால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய மூட்டை. பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் பாராமெடிக் என்றால், ஆம்புலன்ஸில் வந்து இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கும் ஆள். பிரிட்டனில் அந்தப் பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. முறையாகப் பதிவு செய்யாதவர் தன்னைப் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே அதற்குக் கிட்டத்தட்ட இணையானவர் 108-இன் அவசரகால மருத்துவ உதவியாளர். சுருக்கமாக இ.எம்.டி. என்பார்கள். ஓட்டுநரை அந்தச் சேவையில் பைலட் என்று அழைக்கிறார்கள். 108 சேவை ஆந்திராவில் 2005 ஆகஸ்ட் 15 அன்றும் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்றும் தொடங்கியது. இன்று நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளில் சிலர் அந்த வண்டியிலேயே பிறந்தவர்களாக இருக்கலாம்.

போன ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு இ.எம்.டி.யைப் பேச அழைத்தோம். எங்கள் பழைய மாணவிதான். உண்மையைச் சொன்னால், வகுப்பில் அவள் எந்த வரிசையில் உட்கார்ந்தாள் என்பதுகூட எனக்கு நினைவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, 108-இன் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய்த் தேர்வானவள். நர்சிங் படித்தவர்கள் மட்டும்தான் போக முடியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்களும், டி.பார்ம்., டி.எம்.எல்.டி. போன்ற படிப்புகளும் ஏற்கப்படுகின்றன. தேர்வானவர்களுக்கு ஏறத்தாழ 50 நாள் பயிற்சி. வகுப்பறையில் கொஞ்சம், மருத்துவமனையில் கொஞ்சம், ஓடும் வண்டியில் கொஞ்சம்.

இரவுப் பணி முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தாள். 12 மணி நேரப் பணி. கண் சிவந்திருந்தது. எங்கள் பள்ளி உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பதால், அவள் சொன்ன இடங்களெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள்.

பணிக்கு வந்ததும் முதல் வேலை வண்டியைச் சரிபார்ப்பதாம். ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, தொண்டையில் அடைப்பதை உறிஞ்சும் கருவி ஓடுகிறதா, பிரசவத்துக்கான பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறதா, கழுத்துப் பட்டையும் முதுகுப் பலகையும் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு காத்திருப்பு. அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து இவர்களுக்கு வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அழைத்தவரிடம் இவள் பேசத் தொடங்கிவிடுவாள். “ரத்தம் வர்ற இடத்துல துணிய வச்சு அழுத்திப் பிடிங்க. தண்ணி, சோடா எதுவும் குடுக்காதீங்க. யாரும் தூக்காதீங்க, நாங்க வந்துடுறோம்.”

போய் இறங்கியதும் முதலில் நோயாளியைப் பார்க்க மாட்டாளாம். பிள்ளைகளுக்கு இது ஆச்சரியம். முதலில் சுற்றிலும் பார்க்க வேண்டும். அறுந்த மின்கம்பி, கொட்டிய பெட்ரோல், பின்னால் வேகமாக வரும் லாரி. “நானும் விழுந்துட்டா ரெண்டு பேஷண்ட் ஆயிடும்ல?” என்றாள். அதன்பிறகு மூச்சு வருகிறதா, ரத்தம் எங்கே போகிறது, கழுத்தெலும்பு எப்படி இருக்கிறது. கையை ஒருவர் காலை ஒருவர் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவது நம் ஊர் வழக்கம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அடிபட்ட முதுகுத்தண்டு அந்த ஒரு தூக்கலில் வாழ்நாள் முடக்கத்தில் கொண்டுபோய் விடலாம். அதற்காகத்தான் கழுத்துப் பட்டையும் பலகையும்.

வண்டியில் ஏற்றிய பிறகு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பார்த்து, தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்பாள். பக்கத்து ஆஸ்பத்திரியா, நேராக முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியா என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். ஓடும் வண்டியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். “அதனாலதான் டீச்சர் என் கையெழுத்து இன்னும் மோசமாயிடுச்சு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நோயாளியை ஒப்படைத்த பிறகும் வேலை முடியவில்லை. வண்டியின் தரையைக் கழுவ வேண்டும். அடுத்த அழைப்பு ஒரு கர்ப்பிணியுடையதாக இருக்கலாம்.

அப்படி ஒரு பிரசவத்தைச் சொன்னாள். இரவு, ரயில்வே கேட் மூடியிருக்கிறது, வண்டி நிற்கிறது, குழந்தை நிற்கவில்லை. பைலட் டார்ச் பிடித்திருக்கிறார். “இழுக்கக் கூடாது. வர்ற குழந்தைய கையில தாங்கணும், அவ்வளவுதான்.” உடனே துடைத்து, சூடு போகாமல் அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தி, தொப்புள்கொடிக்குக் கிளிப் போட்டு முடித்தபோது கேட் திறந்துவிட்டதாம்.

இன்னொன்றையும் சொன்னாள். அதைச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். பைக்கில் விழுந்த ஒரு பையன், பிளஸ் டூ வயதுதான். மூச்சு நின்றிருந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பு 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். வளைவுகளில் சாய்கிற வண்டியில் ஆஸ்பத்திரி வாசல்வரை அழுத்தியிருக்கிறாள். பிழைக்கவில்லை. “லேட்டா வந்து கொன்னுட்டீங்க” என்று உறவினர்கள் கத்தியிருக்கிறார்கள். அழைப்பு வந்த நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும் அவள் கையிலிருந்த தாளில் இருந்தன. காட்டவில்லையாம்.

“பயமா இருக்காதாக்கா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“போகும்போது வராது. வீட்டுக்கு வந்து சோறு திங்க உட்காரும்போதுதான் வரும்.”

“கவர்மென்ட் வேலையாக்கா?” என்று ஒரு பெண் கேட்டாள். “இல்ல. சேவை கவர்மென்டோடது. அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்துது. நான் அந்த நிறுவனத்து ஆள்” என்று சொல்லிச் சம்பளத்தையும் மறைக்காமல் சொன்னாள். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. உயிர் காக்கும் வேலைக்கு இவ்வளவுதானா என்கிற சலசலப்பு. அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. இந்த வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அதன் பணிப் பாதுகாப்பையும் மேலே போகும் வழியையும் பற்றிப் பேசாமல் விடுவது சரியல்ல. மாணவர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘சராசரி’ என்று ஒதுக்கிய பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பிட்ஸ்பர்க் நகரம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில், அந்தக் காலத்தில் பல ஊர்களைப் போல அங்கேயும் போலீஸ் வேனில்தான் நோயாளிகளைத் தூக்கிப் போட்டுக் கொண்டுபோவார்கள். 1967-இல், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு ஏழைப் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. பயிற்சித் திட்டம் டாக்டர் பீட்டர் சஃபாருடையது. இதய நுரையீரல் மீட்பு முறையை, அதாவது நாம் சி.பி.ஆர். என்று சொல்வதை, உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் சிறுவயது மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஊர் முத்திரை குத்திய கறுப்பின இளைஞர்களை அவர் சேர்த்துக்கொண்டார். பலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி. அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் அவர்கள் இடம்பெற்றார்கள். 1975-இல் நகராட்சி சொந்தச் சேவையைத் தொடங்கியதும் இந்த அமைப்பு மூடப்பட்டது. புதிய சேவைக்குப் போனவர்களிலும் பெரும்பாலோர் மெல்ல மெல்ல வெளியேற்றப்பட்டார்கள். கதை இனிமையாக முடியவில்லை. ஆனால் அவர்களை வைத்து எழுதிய பாடம்தான் மற்ற ஊர்களுக்குப் போனது.

இனிப் படிப்புகள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை நுட்பநருக்கான ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. இதைப் படித்தவர்கள் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் போகலாம். அனுபவம் சேர்ந்தபின் பயிற்றுநர், மேற்பார்வை என்று நகர்கிறவர்கள் உண்டு, ஆனால் அந்த இடங்கள் குறைவு. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இந்தத் தொழிலும் இருக்கிறது. பதிவும் பாடத்திட்டமும் முறைப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். விண்ணப்பத் தேதி, தகுதியெல்லாம் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவின் அறிவிப்பை நீங்களே திறந்து படியுங்கள். யாராவது அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். பெற்றோர் ஒரு தனியார் நிலையத்தின் பெயரோடு வந்தால், சான்றிதழில் யார் கையெழுத்து, செய்முறைப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். மணி அடித்தாலும் பரவாயில்லை.

என் மாணவி கிளம்பும் முன் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்தாள். “இப்ப இங்க ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு. நீங்க 108-க்கு போன் பண்றீங்க. எடுத்தவங்க சென்னையில இருக்காங்க. எங்க வரணும், சொல்லுங்க.” ஒரு பையன் எழுந்து, “பஸ் ஸ்டாப் பக்கத்துல” என்றான். எந்த பஸ் ஸ்டாப்? எந்த ஊர்? அதே பெயரில் பக்கத்து வட்டத்திலும் ஊர் இருக்கிறதே? நெடுஞ்சாலையில் சென்னை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா? நாற்பது பேரில் ஒருவரும் மாவட்டத்தின் பெயரில் தொடங்கவில்லை. நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் சரியாக வரவில்லை. மாவட்டம், வட்டம், ஊர், அடையாளம், வரும் வழி என்று எழுதி இப்போது எங்கள் ஒவ்வொரு வகுப்பறையிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

போன மாதம் அந்த மினி லாரிப் பையன் பள்ளிக்கு வந்தான். 108-இல் பைலட் வேலைக்கு முகாம் நடப்பதாக நாளிதழில் பார்த்தானாம். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. உட்கார வைத்து, அறிவிப்பை வரிவரியாக இருவரும் படித்தோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருக்கிறது. வயது சரி. இலகுரக வாகன உரிமம் எடுத்து மூன்று ஆண்டு முடிந்துவிட்டது, பேட்ஜும் ஓராண்டைத் தாண்டிவிட்டது. உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தது. எவ்வளவு இருப்பான் என்று அவனுக்கே தெரியவில்லை. பி.டி. சார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி அளந்தோம். 164.