குடியரசு நாளும் நடைபாதைக் குடிசையும்

(மும்பையில் நமது சங்கத்தின் குடியரசு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையிலே கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் கொடுத்துவிட்டோம். இரவு ஷிப்டு முடித்து, உறங்காமல் நேராக இங்கே வந்திருக்கிறவர்கள் பலர் என்பதை நான் அறிவேன். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் என்ன வேற்றுமை என்று கேட்டால், இரண்டும் லீவு நாள் என்பார்கள். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போகிறவனுக்கு அந்த லீவும் கிடையாது! 1947 ஆகஸ்ட் 15இல் வெள்ளைக்காரன் ஆட்சி போயிற்று. ஆனால் அதற்குப் பின்னும் இரண்டரை ஆண்டுக் காலம் பிரிட்டிஷ் மன்னர்தான் பெயரளவில் நமக்கும் மன்னர். கவர்னர் ஜெனரல் என்ற பதவியும் இருந்தது. கடைசியாக அதில் அமர்ந்திருந்தவர் ராஜாஜி. 1950 ஜனவரி 26இல்தான் மன்னர் போனார், மக்கள் வந்தார்கள்.

சட்டத்தை அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26ஆம் தேதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகு ஏன் இரண்டு மாதம் காத்திருந்தார்கள்? 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுதந்திரமே இலட்சியம் என்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26ஐ சுதந்திர நாளாகக் கொண்டாடச் சொன்னது. அந்தத் தேதியின் நினைவுக்காகவே காத்திருந்தார்கள்.

சட்ட வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் அவர்கள். முதலில் வங்காளத்திலிருந்து சபைக்குப் போனவர். பிரிவினையில் அந்த இடம் போனபின், 1947இல் இந்தப் பம்பாய் மாகாணத்திலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார். பரேலில் தொழிலாளர் சால் ஒன்றிலே பல ஆண்டுகள் குடியிருந்தவர். ஒண்டுக் குடித்தனம் என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று சபையிலே அவர் எச்சரித்தார்: அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று சமத்துவம் வரப்போகிறது, ஆனால் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு நீடிக்கப்போகிறது, இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் கட்டிய ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்பது அதன் சாரம்.

இனி நம் கதைக்கு வருவோம். 19ஆவது பிரிவு, இந்தியாவின் எந்த மூலைக்கும் போகலாம், எங்கும் குடியமரலாம் என்று குடிமகனுக்கு உரிமை தருகிறது. பொதுமக்களின் நலனை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாமே தவிர, உரிமையையே மறுக்க முடியாது. 16ஆவது பிரிவு, பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேலையை மறுக்கக்கூடாது என்கிறது. ஆக, “மதராசி, ஊருக்குப் போ” என்று எவராவது சொன்னால், அவர் நம்மை மட்டும் அவமதிக்கவில்லை. ஜனவரி 26ஐயே அவமதிக்கிறார்.

ஏட்டிலே இப்படி. வீதியிலே எப்படி? 1981 ஜூலை. கொட்டும் மழை. நடைபாதைவாசிகளைக் குடிசையைப் பிய்த்து, அவரவர் சொந்த ஊருக்கே ஏற்றி அனுப்புவது என்று மாநில அரசு முடிவெடுத்தது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒரு பெண் பத்திரிகையாளர் இருந்தார். சேலத்துத் தமிழர் ஒருவரும் இருந்தார். நிலமற்ற விவசாயக் கூலி. ஊரிலே வறட்சி, 1961இல் பம்பாய் வந்தார். தினக்கூலி 23 ரூபாய். பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய நடைபாதை இடத்துக்குப் பேட்டை ரவுடி ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதிருக்கிறார்! கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு நாளைக்கு மேற்பட்ட கூலி. அந்தக் குடிசையைத்தான் இடித்தார்கள். குடும்பத்தோடு சேலத்துக்கு அனுப்பப்பட்டவர், வேலை தேடித் தனியே திரும்பி வந்தார். வேறென்ன செய்வார்? மழை பெய்யாத ஊருக்குப் போலீஸ் அனுப்பிவைத்தால் மட்டும் மழை பெய்துவிடுமா?

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது: 21ஆவது பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும், பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிரைப் பறிப்பதே. இது பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் கைதட்டுவதற்கு முன் மீதியையும் கேளுங்கள். நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்றது. யாருக்கு மாற்றிடம்? 1976 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டு, அட்டை வைத்திருந்தவர்களுக்கு. ஒரே நடைபாதையில், ஒரே சாக்கடை ஓரத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள்; அட்டை இருந்தவனுக்கு இடம், இல்லாதவனுக்கு வானம்.

இதனால்தான் காகிதம், காகிதம் என்று சங்கத்திலே ஓயாமல் சொல்கிறோம். சிலர் சலித்துக்கொள்கிறீர்கள், சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் இருக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். ஊரிலே வீடு இருக்கிறது என்பது மட்டுமே போதாது. இருபது ஆண்டாக இங்கே வேலை செய்துகொண்டு, பெயரை மட்டும் ஊரிலே வைத்திருக்கிறோம். தேர்தலன்று ரயில் டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை, முதலாளி லீவும் தருவதில்லை. அங்கேயும் ஓட்டில்லை, இங்கேயும் ஓட்டில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகரசபை உறுப்பினரிடம் போனால், அவர் முதலில் பார்ப்பது பட்டியலைத்தான்!

வீட்டு முகவரிக்குச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டாம். கூரையே இல்லாதவரும் பெயர் சேர்க்கலாம். அவர் சொல்லும் இடத்தில் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று அதிகாரி இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதிமுறை. பதினெட்டு நிறைந்த பிள்ளைகள் பெயரையும் சேர்த்துவிடுங்கள், பெண் பிள்ளைகளையும் விடாமல்.

இடப்பக்கத்து மேசையில் 6ஆம் எண் படிவமும், ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை இங்கே மாற்றுவதற்கான 8ஆம் எண் படிவமும் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதித் தருவார்கள், காசு கிடையாது. தாய்மார்கள் முதலில் போகட்டும். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள்தான் முதலில் எழுந்துவிடுவார்கள்.