கூதிரும் லயத்து அடுப்பும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



லண்டனில் வாழும் எனது பழைய மாணவன் ஒருவன் ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் பேசினான். "சேர், இங்கே இப்போது கோடைகாலமாம். நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மூன்று நாளாக விடாத தூறல். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியை இரண்டு தடவை தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் கோபிப்பதில்லை. மழையைப் பற்றியே பேசிப் பொழுதைப் போக்குகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தான். "நம்ம பக்கம் எப்படி சேர்?" என்று கேட்டான். "இங்கே நல்ல வெயிலப்பா. கச்சான் காற்று அடிக்கிறது" என்றேன்.

அவனுடைய கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணமாயிற்று.

மலையகம் என்றால் எப்போதும் மழையும் பனியும்தான் என்று வெளியூர் அன்பர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் நமது மலைகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டுகிறது. என் மாணவன் சொன்ன லண்டன் கோடையை நம் நாட்டில் காண விரும்புவோர் அங்கேதான் போகவேண்டும். அதே மாதங்களில், மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்ட காற்று, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்தக் காற்றுப் பட்ட கொழுந்திலிருந்துதான் உலகச் சந்தையில் பேர்பெற்ற ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. நமக்கு மழைக்காலம் ஐப்பசியில்தான் தொடங்குகிறது. இடைப்பருவ மழையும், அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையும் தை மாதம் வரையில் பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை மலைகளை நனைத்துக்கொண்டேயிருக்கும்.

இதில் ஓர் இலக்கியச் செய்தி அடங்கியிருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைத் தமிழர் 'கூதிர்' என்றனர். பத்துப்பாட்டில் ஏழாவதாக வைக்கப்பட்டுள்ள நெடுநல்வாடை 188 அடிகளில் அக்கூதிர்க் குளிரையே பாடுகிறது. வெள்ளத்துக்குத் தப்பி மேட்டுநிலத்துக்கு மந்தையைச் சாய்த்த கோவலர், நெருப்பில் கைகாய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். குரங்குகள் ஒடுங்குகின்றன. மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. நகரத்து வீடுகளில் சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது, விசிறி தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஆடியில் அட்டனில் பெய்யும் மழை நக்கீரர் கண்ட மழையன்று. ஐப்பசியில் ஊவாவில் பெய்யும் மழையோ அதே பருவத்து மழை. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கோப்பிக்காலத்தில் கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தபோது, எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டு வந்தார்கள். பதுளைப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தப் பருவம் மட்டும் கூடவே வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரத் துரைமாரும் குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். தம் ஊர்க் குளிரை இம்மலைகளில் கண்டு மகிழ்ந்தார்கள். பங்களாக்களில் கணப்படுப்புக் கட்டினார்கள், அதன் புகை கூரைக்கு மேலே போகப் புகைபோக்கியும் வைத்தார்கள். அதே தோட்டத்தில், அதே குளிரில், தொழிலாளிக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவைக் கட்டிக்கொடுத்தபோது புகைபோக்கியின் நினைவு அவர்களுக்கு வரவில்லை. லயத்து அடுப்பின் புகை, தகரத்தின் ஓட்டை வழியாகவோ வாசல் வழியாகவோ தானாகவே வழிதேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய லயங்களில் இன்றைக்கும் அப்படித்தான்.

இங்கே என்னுடைய பிழையொன்றை நேயர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாம் வகுப்பில் தோட்டத்துப் பையன் ஒருவன் படித்தான். கார்த்திகை மாதம் பிறந்தால் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வந்தாலும் தாமதம். கொப்பி ஈரம், எழுத்து மை கரைந்திருக்கும். அவனுடைய சட்டையில் புகை வாடை வீசுகிறதென்று பக்கத்துப் பையன்கள் விலகி உட்காருவார்கள். நான் அதைக் கண்டிக்கவில்லை. அவனைத்தான் கண்டித்தேன். "பாடசாலைக்கு வரும் ஒழுங்கு இதுதானா?" என்று வகுப்பின் முன் நிறுத்திக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் ஒரு வாரம் வராதபோது தேடிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டிறங்கி, வழுக்கும் படிகளில், காலில் அட்டை ஏற, ஒரு மணி நேரம் நடந்தேன். காம்பிராவுக்குள் கூரை ஒழுகுமிடங்களில் மூன்று சட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பில் ஒரேயொரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் அவனுடைய பாடசாலைச் சட்டை. வெயில் இல்லாத நாளில் அது காய்வதற்கு அந்த அடுப்பைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் மூக்கைச் சுளித்த வாடை, ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையின் சட்டையைக் காயவைத்த வாடை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தத் தாய் கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து நீர் சொட்டிற்று. மழை நாளில் கூடை பாரமாகும், ஆனால் கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறுவையில் கழித்துக்கொள்வார்கள். சுமந்தது ஒரு கணக்கு, துண்டில் விழுந்தது வேறு கணக்கு. "மழையில வந்திருக்கீங்களே சார், தேத்தண்ணி குடிங்க" என்று அவர் நீட்டிய கோப்பையை வாங்கும்போது என் கை கூசியது.

அவன் திரும்பி வந்தபின் வகுப்புக்கு 'மழைக்காலம்' என்று கட்டுரை கொடுத்தேன். எல்லாரும் ஒன்றுபோல் எழுதினார்கள்: மயில் தோகை விரிக்கும், உழவர் மனம் மகிழும். அவனும் அதையே எழுதியிருந்தான். "மயிலை விடு. உன் வீட்டு மழையை எழுது" என்றேன். மறுநாள் அரைப்பக்கம் எழுதிவந்தான். அதில் இரண்டு செய்திகள் இன்றும் நினைவில் நிற்கின்றன. மழை வந்தால் அம்மா விறகை எங்களுக்குப் பக்கத்தில் படுக்கவைப்பார் என்று எழுதியிருந்தான். அப்பா தூங்கமாட்டார், பின்சுவருக்கு அப்பால் மண் அசைகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், இடையிடையே டோர்ச் லைட்டோடு போய்க் கானைப் பார்த்துவருவார் என்றும் எழுதியிருந்தான்.

நேயர்களே, அந்தத் தந்தையின் அச்சம் வீணானதன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி, ஐப்பசி மாதத்துக் காலைவேளையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடிதத்தில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் மண்சரிவால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

நெடுநல்வாடையின் இறுதியில் ஓர் அரசன் வருகிறான். நள்ளிரவிலும் உறங்காமல், வாடை வீசும் தூறலில், விளக்கொளியில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு பாசறையில் நடக்கிறான். ஆண்டுதோறும் அப்பகுதியைப் பாடம் நடத்துகிறேன். மாணவனின் கட்டுரையைப் படித்தபின், டோர்ச் லைட்டோடு கானோரம் நடக்கும் அந்தத் தோட்டத் தந்தையும் அப்பாடத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறார். அரசனுக்கு நக்கீரர் இருந்தார். இந்தத் தந்தைக்கு யார் இருக்கிறார்?

இல்லாமலில்லை. தோட்டப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை இருந்தார். பதுளை மண்ணில் 1934இல் பிறந்து, தாம் கற்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் இருந்தார். 2022இல் அவரும் மறைந்தார். அவர்களுக்குப் பின் இந்த மழையை எழுதவேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் ஈரக் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசியில் ஒரு பிள்ளை நனைந்து, தாமதமாக, புகை வாடையோடு வந்தால், முதலில் அடுப்படியிலோ அலுவலகத்திலோ சூடாக ஒரு தேநீர் கொடுங்கள். பிறகு அந்தக் கொப்பியை வாங்கிப் படியுங்கள். பெரியோர்களே, மலை அசைகிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு தகப்பன் காதுகொடுத்துக்கொண்டிருக்க வேண்டாத வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்க வேண்டிய இடங்களில் கேளுங்கள்.

லண்டன் மாணவன் மறுபடியும் பேசினால் அவனிடம் சொல்வதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே மழையைப் பற்றிப் பேசிப் பொழுதுபோக்குகிறார்கள் என்றானே, இங்கேயும் நாம் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம், ஆனால் பொழுது போக்குவதற்காக அல்ல என்பேன்.