உயிர் காக்கக் கற்றுத் தருவதும் ஒரு தொழிலே



பம்ப் செட்டில் கரெண்டு அடித்து ஒருவர் வரப்பில் கிடக்கிறார், மூச்சில்லை. மெயினை அணைத்தாயிற்று. 108-க்கும் சொல்லியாயிற்று. கூட்டம் நிற்கிறது, நெஞ்சை அமுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதயம் நின்று நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். வண்டி வரும்வரை யார் காப்பாற்றுவது?

இதைக் கற்று, பயிற்றுநர் சான்றிதழும் வாங்கியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அது ஊருக்கு உதவி. உங்களுக்குச் சிறு தொழில். "இதுல என்னங்க வரும்படி?" என்று தயங்காதீர்கள். ரைஸ் மில், செங்கல் சூளை, பள்ளிக்கூடம், மகளிர் குழு எல்லாவற்றிலும் கேட்டுப் பாருங்கள். இருவருமே சான்றிதழ் பெற்றிருந்தால் ஆண்களுக்குக் கணவரும் பெண்களுக்கு மனைவியும் சொல்லித் தரலாம்.

முதல் செலவு பயிற்சி பொம்மை. நல்லா இருக்கிற ஆளின் நெஞ்சில் அமுக்கிப் பழகவே கூடாது. பணமில்லை என்று வட்டிக்காரரிடம் ஓடாதீர்கள். பாங்கியில் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் கேட்கலாம். ஆரம்பத்துக்கு ஒரு பொம்மை போதும். பஸ் சார்ஜையும் கணக்கில் எழுதிக் கட்டணம் சொல்லுங்கள்.

வகுப்பில் பேச்சைக் குறைத்து, எல்லோரையும் செய்ய வையுங்கள். பெரியவர்களுக்கு நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழம், 6-க்கு மேல் வேண்டாம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகம். 30 முறை அமுக்கி, 2 முறை வாயில் ஊத வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. கற்றுத் தரக் காசு வாங்கலாம். ஆபத்தில் கிடப்பவருக்கு உதவ ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அந்த நல்ல பேருதான் இந்தத் தொழிலுக்கு முதல்.